துக்காங் தெருவும் தோட்டத்துப் பிள்ளையும்

மலாக்கா நகரின் பழைய பகுதியில் ஜாலான் துக்காங் எமாஸ் என்றொரு குறுகிய தெரு இருக்கிறது. 1781ஆம் ஆண்டில் மலாக்காச் செட்டிகள் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் அத்தெருவில் இருப்பதால், தமிழர் பலருக்கும் அது கோயில் தெருவாகவே அறிமுகமாகியிருக்கும். ஆனால் பெயருக்குப் பொருள் பொற்கொல்லர் தெரு என்பதாகும். அதனை அடுத்து ஜாலான் துக்காங் பெசி, அஃதாவது இரும்புக்கொல்லர் தெரு, செல்கிறது. 'துக்காங்' என்னும் மலாய்ச் சொல் கைத்தொழில் வல்லவனைக் குறிப்பது. பொன்னாயினும் இரும்பாயினும் மரமாயினும், அதனை வசப்படுத்தத் தெரிந்தவன் துக்காங்.

இச்சொல்லோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தக்க மற்றொரு சொல்லும் மலாய் மொழியில் உண்டு. அது 'கூலி'. தமிழில் அது வேலைக்குக் கிடைக்கும் பணத்தின் பெயர். மலாயிலும் ஆங்கிலத்திலும் அது ஆளின் பெயராகி விட்டது. தொழில் தெரியாதவன், உடலுழைப்பை மட்டும் விற்பவன் என்னும் இழிவும் உடன் சேர்ந்து கொண்டது. நம் நாட்டில் தொழிற்கல்வி வளர்ந்த வரலாறு, ஒரு வகையில், யாரைத் துக்காங் என்று எழுதுவது, யாரைக் கூலி என்று எழுதுவது என்பதன் வரலாறே ஆகும். மலாக்காத் தோட்டங்களிலிருந்து அதனைப் பார்க்கும்போது இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

துக்காங் தெருக்களின் காலத்தில் தொழிலைக் கற்பிக்கப் பள்ளி இல்லை, கடையே பள்ளி. சிறுவன் முதலில் துருத்தி ஊதுவான், கடை பெருக்குவான், கரி சுமப்பான். ஆண்டுகள் சில சென்ற பிறகே சுத்தியல் கைக்கு வரும். தேர்வு என்று ஒன்று கிடையாது. செய்த பொருள்தான் சான்று. இன்னாரிடம் கற்றவன் என்ற பேச்சுத்தான் முத்திரை. அரசுக்கு இதில் வேலை ஏதும் இருக்கவில்லை.

அரசு இத்துறையில் கை வைத்தது இரயிலுக்காகத்தான். 1885ஆம் ஆண்டில் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே நாட்டின் முதல் இரயில் ஓடத் தொடங்கியது. ஈயம் சுமக்க வந்த இரயிலுக்கு இயந்திரம் பழுது பார்ப்பவரும் பாகங்களைப் பொருத்துபவரும் வேண்டியிருந்தனர். எல்லாரையும் கப்பலில் வரவழைப்பது செலவுமிக்கதாக இருந்தது. எனவே 1897ஆம் ஆண்டில் உள்நாட்டு இளைஞர்க்கு இரயில்வேயில் இயந்திரப் பயிற்சி அளிக்கும் ஏற்பாடு தொடங்கியது. மலேசியத் தொழிற்கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இவ்வாண்டையே தொடக்கமாகக் கொள்வர். அடுத்து, 1906ஆம் ஆண்டில், கோலாலம்பூரில் டிரெச்சர் தொழில்நுட்பப் பள்ளி எழுந்தது. பொதுப்பணி, இரயில்வே, நிலஅளவை ஆகிய துறைகளுக்குக் கீழ்நிலை அலுவலரை ஆயத்தம் செய்வது அதன் பணி. அப்பள்ளியே 1946இல் தொழில்நுட்பக் கல்லூரியாகி, 1975இல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

மலாக்காவுக்கும் இரயில் வந்தது. தம்பினிலிருந்து மலாக்கா நகருக்குச் செல்லும் கிளைப்பாதை 1905ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. (சப்பானியர் ஆட்சியில் அத்தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சயாம்–பர்மா மரண இரயில் பாதைக்குச் சென்றன, அப்பாதை மீண்டும் போடப்படவே இல்லை.) இரயில் பாதைகளில் சல்லி கொட்டியோரிலும் கட்டை மாற்றியோரிலும் தமிழர் மிகப் பலர். ஆயினும் டிரெச்சர் பள்ளியின் வாயில் ஆங்கிலம் கற்றவனுக்கே திறந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலக் கல்வியோடு வந்தவர் அலுவலகங்களிலும் நிலையங்களிலும் இடம் பெற்றனர். பாதையில் நின்ற தமிழனின் மகனுக்கு அப்பள்ளியின் பெயர் கூடத் தெரிந்திருக்க வழியில்லை. முதல் நுழைவுத் தடை மொழியாக இருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம்.

1919ஆம் ஆண்டில் ஏ. எச். லெமன் தலைமையிலான குழு, கூட்டரசு மலாய் நாடுகளில் தொழில்நுட்பக் கல்வியும் கைத்தொழிற்கல்வியும் எவ்வாறு அமைய வேண்டும் என்று ஆராய்ந்து அறிக்கை அளித்தது. அதன் பயன் மெதுவாகவே வந்தது. முதல் தொழிற்பள்ளி 1926இல் கோலாலம்பூரில் தொடங்கியது. ஈப்போவில் 1930இலும் ஜொகூர் பாருவில் 1931இலும் தொடங்கின. செர்டாங் விவசாயப் பள்ளியும் 1931ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. மலாய் மொழியில் இத்தொழிற்பள்ளிகளுக்கு வழங்கிய பெயர் 'செக்கோலா பெர்த்துக்காங்ஙான்' என்பது. தெருவிலிருந்த துக்காங் பள்ளிக்குள் வந்து விட்டான்.

மலாய்ப் பள்ளிகளிலோ வேறு வகையான மாற்றம் நிகழ்ந்தது. ஆர். ஓ. வின்ஸ்டெட் என்னும் கல்வி அதிகாரி 1916ஆம் ஆண்டில் சாவகத்துக்கும் பிலிப்பைன்சுக்கும் சென்று, அங்குள்ள கிராமப் பள்ளிகளைப் பார்த்து வந்தார். கூடை முடைதல், பள்ளித் தோட்டம் போன்றவை மலாய்ப் பள்ளிகளில் இடம் பெற்றதற்கு அவர் அறிக்கையும் ஒரு காரணம். மலாக்காவில் 1900ஆம் ஆண்டிலிருந்து இயங்கிய மலாய் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1922இல் தஞ்சோங் மாலிமில் திறக்கப்பட்ட சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியோடு ஒன்றிணைந்தது. அங்கே பயின்ற ஆசிரியர் பாடத்தோடு கைத்தொழிலும் கற்று வெளிவந்தனர். குடியானவன் மகனைக் குடியானவனாகவே இருத்தி வைக்கும் சூழ்ச்சி இது என்று பின்னாளில் கடிந்துரைத்தோர் உண்டு. அக்கண்டனத்தில் உண்மையும் உண்டு. எனினும் ஆசிரியனுக்குப் பயிற்சி அளிக்காமல் கைத்தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவர இயலாது என்பதை அக்கல்லூரி அறிந்திருந்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு அந்த அளவுக்குக் கூட ஒருவரும் சிந்திக்கவில்லை.

மலாக்காவின் தோட்டக் கதை தனிச் சிறப்புடையது. நாட்டில் வாணிக நோக்கோடு இரப்பர் முதன்முதலில் நடப்பட்டது இம்மாநிலத்தில்தான். 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்னும் மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் சிறு பரப்பில் நட்டுத் தொடங்கி, பின்னர்ப் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் கண்டார். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குள் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் காடுகள் பால்மரக் காடுகளாயின. தமிழகத்திலிருந்து கங்காணிகள் அழைத்து வந்த குடும்பங்கள் லயங்களில் நிறைந்தன.

1912ஆம் ஆண்டில் கூட்டரசு மலாய் நாடுகளிலும், பின்னர் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தின் வழி விரிவாகவும், தோட்டத்தில் ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்ற விதி வந்தது. விதி வந்தது; பள்ளியும் வந்தது. எப்படிப்பட்ட பள்ளி? ஆயக்கொட்டகையின் ஒரு மூலையிலோ கோயில் திண்ணையிலோ ஓர் அறை. கிராணியாரோ, எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளி ஒருவரோ ஆசிரியர். தமிழகத்திலிருந்து வந்த பாடநூல். நான்காம் வகுப்போடு பெரும்பாலும் முடிந்து விடும் படிப்பு. பத்து, பன்னிரண்டு வயதில் பிள்ளை தாய்க்குத் துணையாகக் கோப்பை துடைக்கவும் பால் சேர்க்கவும் போய்விடும். பள்ளி நேரமே வேலை நேரத்துக்கு இடங்கொடுத்து அமைந்த தோட்டங்கள் பல.

இந்த இடத்தில் தமிழகத்தில் நிகழ்ந்த ஒரு பெரும் விவாதம் நினைவுக்கு வருகிறது. 1953ஆம் ஆண்டில் இராஜாஜி சென்னை மாநில முதலமைச்சராக இருந்தபோது புதிய தொடக்கக் கல்வித் திட்டம் ஒன்றைக் கொண்டு வந்தார். பள்ளி நேரம் நாளொன்றுக்கு மூன்று மணி. எஞ்சிய நேரத்தில் பிள்ளை பெற்றோர் தொழிலைக் கற்க வேண்டும் என்பது அதன் சாரம். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதனைக் குலக்கல்வி என்று சாடினர். நாடெங்கும் எதிர்ப்பு மூண்டது. 1954இல் காமராசர் பதவியேற்றதும் திட்டம் கைவிடப்பட்டது. காந்தியடிகளின் 1937ஆம் ஆண்டு வார்தாக் கல்வித் திட்டத்தோடு இதனை ஒப்பிட்டு ஆதரித்தோரும் உண்டு. ஆனால் வார்தாத் திட்டத்தில் கைத்தொழில் பள்ளிக்குள்ளே, பயிற்சி பெற்ற ஆசிரியரால், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுபோல் கற்பிக்கப்படுவது. அவ்வேறுபாடு சிறிதன்று. சென்னையில் ஓராண்டு கூட நிலைக்க விடாமல் மக்கள் எதிர்த்து விரட்டிய அந்த ஏற்பாடு, மலாயாத் தோட்டங்களில் எவ்விதத் திட்டப் பெயரும் இல்லாமல், எவ்வித எதிர்ப்பும் இல்லாமல், தலைமுறை தலைமுறையாக நடந்து கொண்டிருந்தது. காலைப் பேரட்டு மணியே அங்கே பாடத்திட்டம்.

அவ்வாறு பெற்றோரிடம் பிள்ளை கற்ற தொழில்தான் என்ன? மரம் வெட்டுவது என்று இரண்டு சொல்லில் சொல்லி விடுகிறோம். அதன் நுட்பத்தைச் சிறிது நின்று பார்க்க வேண்டும்.

பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவர் எச். என். ரிட்லி 1890களில் வகுத்தார். மரத்தைக் கொத்திக் காயப்படுத்தாமல், பழைய வெட்டின் ஓரத்தை மெல்லியதாகச் சீவிக்கொண்டே வருவது அம்முறை. வெட்டுக்கோடு மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு, இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, ஏறக்குறைய முப்பது பாகைச் சரிவில் செல்ல வேண்டும். பட்டையினுள் பால்நாளங்கள் சற்று வலப்புறம் சாய்ந்து ஏறுவதால், இவ்வாறு வெட்டினால்தான் மிகுதியான நாளங்கள் அறுபடும். ஒவ்வொரு முறையும் சீவப்படும் பட்டையின் கனம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். அதைவிட மிகுந்தால் ஆண்டுக் கணக்குக்கு வைத்த பட்டை முன்னதாகவே தீர்ந்துவிடும். ஆழமோ இன்னும் நுணுக்கமானது. மரத்தை வளர்க்கும் படலத்துக்கு மேலே ஒரு மில்லிமீட்டர் அளவு பட்டையை விட்டு வைக்க வேண்டும். அதற்கு மேலே நின்றால் பால் குறையும். அதைத் தாண்டிக் கத்தி உள்ளே இறங்கினால் மரத்தில் காயம் விழும்; புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும்; பின்னர் அவ்விடத்தில் கத்தி ஓடாது.

இந்த ஒரு மில்லிமீட்டரை எவரும் அளவுகோல் வைத்துப் பார்ப்பதில்லை. விடியுமுன், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், மணிக்கட்டின் உணர்வு ஒன்றையே கொண்டு, நானூறு ஐந்நூறு மரங்களில் அடுத்தடுத்து அந்த அளவைப் பிடிக்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் நின்று யோசிக்க நேரமில்லை. கடைசல் இயந்திரத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் கடைபவனைத் தேர்ந்த தொழிலாளி என்று எழுதும் உலகம், அசையும் கையால் வளைந்த மரத்தில் அதே அளவைப் பிடித்த பெண்ணைக் கூலி என்று எழுதியது. தண்டல் வந்து காயத்தை எண்ணிக் குறைசொல்லுவார். காயமில்லாத மரங்களை எண்ணிச் சான்றிதழ் கொடுத்தவர் எவரும் இல்லை. 1925இல் அமைந்த இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் வெட்டுமுறைகளை ஆராய்ந்தது. கத்தி பிடித்தவர் பெயர் தேர்ச்சிப் பட்டியல் எதிலும் ஏறவில்லை.

மரத்தடியோடு தோட்டத் தொழில் முடிந்து விடுவதுமில்லை. பாலை உறைய வைக்கும் கணக்கு, தகடாக்கும் உருளைகள், புகைக்கொட்டகையின் சூட்டைக் காத்தல், டீசல் இயந்திரம், லாரி, நீரேற்றும் பம்பு என்று தோட்டத்து ஆலை ஒரு சிறு தொழிற்கூடமாகவே இருந்தது. இயந்திரக்காரருக்கு எண்ணெய் எடுத்துக் கொடுத்த சிறுவன், ஒலியை வைத்தே எந்த வால்வு கெட்டது என்று சொல்லும் ஆளாக வளர்ந்தான். வெளியே வேலை தேடினால், அவனிடம் காட்ட ஒரு தாள் இருக்காது.

போருக்கு முன், 1938ஆம் ஆண்டில், எச். ஆர். சீஸ்மன் மலாயாவின் தொழிற்கல்வியைப் பற்றித் தனி அறிக்கை ஒன்று அளித்தார். போர் வந்தது, எல்லாம் நின்றது. 1956ஆம் ஆண்டு இரசாக் அறிக்கைதான் தொழிற்கல்வியை நாட்டுக் கல்வியமைப்பின் ஓர் உறுப்பாக வைத்து எண்ணியது. தொழிற்பள்ளி, தொழில்நுட்பக் கழகம், தொழில்நுட்பக் கல்லூரி என மூன்று படிகளை அது வகுத்தது. நான்கு ஆண்டுக்குப் பின் வந்த இரகுமான் தாலிப் அறிக்கையும், அதன்மேல் எழுந்த 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் இதனைத் தொடர்ந்தன. ஆனால் அந்நாளில் ஆறாம் ஆண்டின் இறுதியில் நுழைவுத் தேர்வு ஒன்று நின்றது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்க்கே இடைநிலைப்பள்ளியில் இடம். மற்றவர்க்குத் தொடர்ச்சிப் பள்ளிகள் இருந்தன. தோட்டத்துப் பிள்ளைக்குத் தோட்டம் இருந்தது.

1965ஆம் ஆண்டே உண்மையான திருப்பம். நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டு, எல்லாப் பிள்ளைகளும் மூன்றாம் படிவம் வரை செல்லும் முழுமைக் கல்வி முறை நடைமுறைக்கு வந்தது. தொழிற்கலை, மனையியல், விவசாய அறிவியல், வாணிகம் ஆகியவற்றுள் ஒன்றை ஒவ்வொருவரும் கற்க வேண்டும் என்றாயிற்று. தமிழ்ப்பள்ளிப் பிள்ளை புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக இருந்து, மொழி மாறி, அதன்பின் முதற்படிவம் செல்லும். தொழிற்கலைப் பட்டறையில் இழைப்புளியும் அரமும் மின்கம்பியும் தோட்டத்துச் சிறுவன் கைக்குப் பாடமாக வந்தது அப்போதுதான். பழைய தொழிற்பள்ளிகளின் வழியில் வந்த இடைநிலைப் பள்ளிகளும் தொழிற்கல்விக்கான பள்ளிகளாக மாறின.

ஆனால் புதுக் கதவுகளுக்குப் புது நிபந்தனைகளும் வந்தன. முதல் நிபந்தனை, கல்விக்கே தொடர்பில்லாதது. பிறப்புப் பத்திரம் எடுக்காத குடும்பங்களும், சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுபோன பெற்றோரும் தோட்டங்களில் நிறைய இருந்தனர். 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்குப் பின் குடியுரிமை இல்லாதார்க்கு வேலை அனுமதி தேவைப்பட்டது. அரசுப் பயிற்சிக்கும் குடியுரிமையே முதற்படி. இரண்டாவது, இடமும் செலவும். விடுதி வாழ்க்கைக்குப் பிள்ளையை அனுப்பப் பெற்றோர் தயங்கினர். மூன்றாவது, பெயர். மூன்றாம் படிவத் தேர்வில் புள்ளி குறைந்தவன் போகுமிடம் தொழிற்பள்ளி என்ற எண்ணம் நாடெங்கும் பரவிற்று. தோட்டத்தை விட்டுப் பிள்ளை தப்ப வேண்டும் என்று தவங்கிடந்த தகப்பனுக்கு, மீண்டும் கையழுக்காகும் வேலைக்கா என்ற மனக்கசப்பு. அக்கசப்பைக் குறைசொல்ல முடியாது. கை வேலை அவருக்குக் கொடுத்தது கூலி என்ற பெயரைத்தானே! அதே தகப்பன் பிள்ளையை மருத்துவராக்க வேண்டும் என்று கனாக் கண்டார். இடையில் இருந்த பல படிகள் அவர் கண்ணுக்குப் படவில்லை, காட்டுவாரும் இல்லை.

இதே காலத்தில் பள்ளிக்கு வெளியேயும் ஓர் அமைப்பு வளர்ந்து கொண்டிருந்தது. 1964இல் தொழிலாளர் அமைச்சின் கீழ்த் தொழிற்பயிற்சிக் கழகம் கோலாலம்பூரில் தொடங்கியது. பூமிபுத்ராக்களின் முன்னேற்றத்துக்கென மாரா 1966இல் அமைந்து, தன் கைத்திறன் நிலையங்களை நாடெங்கும் நிறுவியது. ஈப்போவில் உங்கு ஓமார் பல்தொழில்நுட்பக் கல்லூரி, யுனெஸ்கோ உதவியோடு, 1969இல் எழுந்தது. 1971ஆம் ஆண்டில் நாட்டுத் தொழிற்பயிற்சி, தொழில்திறன் சான்றிதழ் வாரியம் அமைக்கப்பட்டது. பிற நிறுவனங்களெல்லாம் கற்பிப்பவை. இவ்வாரியமோ, எங்கே கற்றிருந்தாலும் திறனை அளந்து, அடிப்படை, இடைநிலை, மேல்நிலை என்று சான்று தருவது. துக்காங் தெருவில் கொல்லனின் பேச்சு முத்திரையாக இருந்த இடத்தில் இப்போது அரசின் முத்திரை வந்து அமர்ந்தது.

மலாக்காவுக்கு இது காலத்தில் வந்த ஏற்பாடு. 1970களில் பத்து பெரெண்டாம், தஞ்சோங் கிளிங் ஆகிய இடங்களில் தடையற்ற வாணிக மண்டலங்கள் எழுந்தன. மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. தோட்டச் சந்திகளில் அதிகாலையிலும் இரவிலும் தொழிற்சாலைப் பேருந்துகள் வந்து நின்றன. தாய் பால்மரத்துக்குச் சென்ற அதே இருட்டில் மகள் பேருந்து ஏறினாள். மயிரிழை போன்ற கம்பியை நுண்ணோக்கி வழியாகப் பார்த்து இணைக்கும் வேலை அவளுக்கு எளிதில் கைவந்தது. தாயின் கைநுட்பம் மகளிடம் இருந்தது என்றால் மிகையாகாது. சம்பளப் பட்டியலில் அவள் இயந்திரம் இயக்குபவள். தொழில்நுட்பர் நிலைக்கு உயரச் சான்றிதழ் தேவைப்பட்டது. ஆண்பிள்ளைகள் நகரத்துப் பட்டறைகளில் கார் பழுது பார்க்கவும், கம்பி ஒட்டவும், மின்கம்பி இழுக்கவும் கற்றுக்கொண்டனர். மீண்டும் துருத்தி ஊதும் முறையே. கற்றார்கள், வல்லவரானார்கள், தாள் மட்டும் இல்லை.

1980களிலிருந்து தோட்டங்களே மறையத் தொடங்கின. பால்மரம் செம்பனையாயிற்று, செம்பனை நின்ற நிலம் வீடமைப்பாயிற்று. தொழில் என்று ஒன்றைப் பெற்றோரிடம் கற்கும் வழியும் அதோடு அறுந்தது. ஆலை இயந்திரத்தைப் பார்த்து வளரும் வாய்ப்புக் கூட நகரத்து அடுக்குமாடியில் வளரும் பேரனுக்கு இல்லை.

சான்றிதழ் வாரியம் 1989இல் நாட்டுத் தொழிற்பயிற்சி மன்றமாக மாறியது. பின்னர் 2006ஆம் ஆண்டு நாட்டுத் திறன் மேம்பாட்டுச் சட்டம் வந்து, அம்மன்றத்தின் பணி மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டுத் துறைக்கு உரியதாயிற்று. இன்று அச்சான்று ஐந்து நிலைகளாக உள்ளது. முதல் மூன்று நிலைகள் மலேசியத் திறன் சான்றிதழ், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர்நிலை டிப்ளோமா. இதனைப் பெற மூன்று வழிகள் உண்டு என்பதைத் தமிழாசிரியர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம். முதலாவது, ஏற்பளிக்கப்பட்ட பயிற்சி நிலையத்தில் சேர்ந்து கற்பது. இரண்டாவது, 2005இல் தொடங்கிய இரட்டைமுறைப் பயிற்சி. செருமனியைப் பின்பற்றி அமைந்த இம்முறையில், இளைஞன் பெரும்பொழுது தொழிற்சாலையிலும் சிறுபொழுது வகுப்பிலும் கற்பான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மியூனிக் நகரில் கெர்சென்ஸ்டைனர் என்னும் கல்வியாளர், வேலைக்குச் சென்றுவிட்ட சிறுவர்க்கெனத் தொடர்பள்ளிகளைத் தொழில்வாரியாக அமைத்ததிலிருந்து வளர்ந்த முறை அது. மூன்றாவது வழி, முன்னரே பெற்ற திறனுக்கு ஏற்பளிப்பது. வகுப்பில் ஒரு நாளும் உட்காராதவனும், வேலையில் கற்றதைத் தக்க ஆதாரங்களோடு மெய்ப்பித்தால் சான்று பெறலாம்.

இவற்றுள் மூன்றாவது வழிதான் தோட்டத்து வரலாற்றுக்கு நேரே பதில் சொல்வது. நூறாண்டாகக் கையில் இருந்தும் தாளில் இல்லாத திறனை அது தாளில் ஏற்றுகிறது. காலந்தாழ்ந்த நீதிதான், மரத்தடியில் நின்ற பாட்டிக்கு அது பயன்படாது. பட்டறையில் இருபது ஆண்டாக நிற்கும் அவள் மகனுக்குப் பயன்படும்.

பயிற்சி நிலையங்களைப் பொறுத்தவரை மலாக்கா இன்று குறைவுடைய மாநிலமன்று. செலாண்டாரில் தொழிற்பயிற்சிக் கழகம். தாபோ நானிங்கில் உயர்தொழில்நுட்பப் பயிற்சி மையமும் டத்தோ ஸ்ரீ முகமது சின் தொழிற்கல்லூரியும். மெர்லிமாவில் 2002இல் தொடங்கிய பல்தொழில்நுட்பக் கல்லூரி. டுரியான் துங்காலில், 2000இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 2007இல் பல்கலைக்கழகமான மலாக்கா மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். ஒரு காலத்தில் தோட்டப் பெயர்களாகவே தமிழர் நாவில் வழங்கிய வட்டாரங்களில்தான் இவை நிற்கின்றன. 2012ஆம் ஆண்டில் பதினைந்து பள்ளிகள் முன்னோடித் தொழிற்கல்லூரிகளாக மாற்றப்பட்டதிலிருந்து, மூன்றாம் படிவத்தை முடித்தவன் அவ்வழியே சான்றிதழும் டிப்ளோமாவும் பெற்று மேலே செல்ல இயலும். புள்ளி குறைந்தவன் போகுமிடம் என்ற பழைய பெயர் இவற்றுக்குப் பொருந்தாது. நல்ல புள்ளி பெற்றவர்க்கும் இடம் கிடைக்காமற்போகும் துறைகள் உண்டு.

அப்படியிருந்தும் தமிழ்ப்பிள்ளை அங்கே சென்று சேர்வது தற்செயலாகவே நிகழ்கிறது. இங்கேதான் தமிழ்ப்பள்ளியின் பங்கு வருகிறது. ஆறாம் ஆண்டு ஆசிரியரே பெரும்பாலான குடும்பங்களுக்குத் தம் மொழியில் பேசும் கடைசி ஆசிரியர். யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்படும் வரை, ஏழு ஏ, எட்டு ஏ என்று எண்ணுவதிலேயே அவ்வாண்டு கழிந்தது. கை நுட்பமுடைய பிள்ளையைக் கவனிக்க அந்த எண்ணிக்கை இடந்தரவில்லை. கெட்டுப்போன விசிறியைக் கழற்றிப் பார்க்கும் சிறுவனைக் குறும்புக்காரன் என்று குறிக்கும் பழக்கம் எல்லாப் பள்ளிகளிலும் உண்டு.

ஒரு பெரும் மாற்றம் இதற்குள் ஓசையின்றி நடந்திருக்கிறது. பழைய தோட்டப்பள்ளியில் கைத்தொழில் என்று ஒரு பாடமே கிடையாது. பின்னர் வாழ்வியல் திறன் வந்தது. அதன் பின் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடம் தமிழிலேயே கற்பிக்கப்பட்டது. பிள்ளைக்குத் திருப்புளி, ரம்பம், மின்சுற்று என்ற சொற்கள் பாடநூலில் கிடைத்தன. ஆனால் அச்சொற்களின் வாழ்வு ஆறாம் ஆண்டோடு முடிகிறது. முதற்படிவத்தில் திருப்புளி 'பெமுத்தார் ஸ்குரு' ஆகிறது. தந்தையின் பட்டறையிலோ அது எப்போதும் 'ஸ்குரு டிரைவர்'. மூன்று பெயரும் ஒரே கருவி என்பது தானே விளங்கிவிடும் என்று விட்டுவிடலாகாது. மொழி மாறும் வேளையில் பிள்ளை பொருளையே தொலைத்து விடுவதைப் புகுமுக வகுப்பு ஆசிரியர்கள் அறிவர். ரம்பத்தை மலாயில் 'கெர்காஜி' என்பர். வடமொழியிலிருந்து அங்குச் சென்ற சொல் அது. கருவிகள் கடல் தாண்டும்போது பெயர்களும் தாண்டியிருக்கின்றன. மும்மொழிக் கருவிப்பெயர் அட்டவணை ஒன்றை ஆறாம் ஆண்டின் கடைசி மாதத்தில் பிள்ளைகளைக் கொண்டே எழுதுவிப்பது ஒரு வாரத்து வேலை. வீட்டில் அப்பாவிடம் கேட்டு மூன்றாம் பெயரை எழுதி வரச் சொன்னால், அப்பா தெரிந்து வைத்திருப்பது ஒரு கல்வி என்பதும் பிள்ளைக்குப் புலப்படும்.

அந்த அப்பாவுக்கே திறந்திருக்கும் மூன்றாவது வழியில் ஒரு சிக்கல் உண்டு. ஆதாரக் கோப்பைத் தேர்ந்தவர் பார்த்து மதிப்பிடுவர். செய்த வேலைகளின் விவரம், படிமுறை, படங்கள், வேலை கொடுத்தவரின் உறுதிக் கடிதம், பயன்படுத்திய கருவிகளின் பெயர் ஆகியவை அதில் இருக்க வேண்டும். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட வேண்டும். இயந்திரத்தின் ஒலியை வைத்தே பழுதைச் சொல்பவர், அதனை ஒரு பக்கத்தில் எழுதச் சொன்னால் பேனாவைக் கீழே வைத்து விடுகிறார். அவர் சொல்லச் சொல்லக் கேட்டு, முதலில் எதைக் கழற்றினீர்கள், ஏன் அதைக் கழற்றினீர்கள் என்று வரிசையாக வினவி எழுதத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். அவ்வாறு வினவி விடை வாங்குவதில் பயிற்சி பெற்றவர்கள் ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும் இருக்கிறார்கள். அறிக்கை அட்டை வாங்க அந்தத் தந்தை பள்ளிக்கு வரும் நாளும் ஆண்டுதோறும் வருகிறது.